கற்பதை நிறுத்தாத யோகாசிரியர்

உலகெங்கும் இன்று யோகாசனம் கற்பிக்கும் ஆசிரியர்களில் பலரது குருபரம்பரையைப் பின்தொடர்ந்து சென்றால், அது திருமலை கிருஷ்ணமாச்சாரியாரில் போய் நிற்பதைக் காணலாம். பி. கே. எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, மகன் தேசிகாச்சார் எனப் பலரை உருவாக்கிய பெருமை அவருக்குரியது. ஆயினும் போரின் வடுக்களைச் சுமந்து நிற்கும் வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து நோக்கும்போது, அவரது புகழைவிட அவர் கற்பித்த முறையில் ஏற்பட்ட மாற்றமே நமக்குப் பெரும் பாடமாகின்றது.

1888 நவம்பர் 18 ஆம் திகதி, கர்நாடகத்தின் சித்திரதுர்க்கா மாவட்டத்தைச் சேர்ந்த முசுகுந்தபுரத்தில் அவர் பிறந்தார். மைசூரிலும் காசியிலும் வடமொழி, தர்க்கம், வேதாந்தம் ஆகியவற்றைக் கற்றதோடு ஆயுர்வேதத்தையும் பயின்றார். இமயத்துக்கு அப்பால் ராமமோகன பிரமச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாக அவரே கூறிவந்தார். பண்டிதராக வசதியுடன் வாழ வாய்ப்பிருந்தும் யோகத்தையே தேர்ந்ததால் வறுமை சூழ்ந்தது. ஒரு காலத்தில் கோப்பித் தோட்டமொன்றில் மேற்பார்வையாளராகவும் பணிபுரிந்தார்.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் 1933 இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியது. 1934 இல் கன்னடத்தில் வெளியான அவரது யோக மகரந்தம் என்ற நூல், 1938 இல் மதுரையிலிருந்து தமிழிலும் வந்தது. அக்காலத்தில் அவர் மிகக் கண்டிப்பான ஆசிரியர். அவரிடம் பயின்றோரில் பெரும்பாலானோர் சிறுவர்கள். கடினமான ஆசனங்களைப் பொதுமக்கள் முன் செய்துகாட்டுவதும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. மனைவியின் தம்பியான இளம் ஐயங்கார், ஒருமுறை குருவின் கட்டளைக்கிணங்க முன்பயிற்சியில்லாத ஆசனமொன்றைச் செய்து தொடைத்தசை கிழிந்து நெடுங்காலம் துன்புற்றதைப் பின்னாளில் பதிவுசெய்துள்ளார். கட்டளைக்குப் பணியும் மாணவனின் உடல் எவ்வளவு எளிதில் காயப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்திய விடுதலைக்குப் பின் அரண்மனை ஆதரவு நின்றது. 1950 இல் யோகசாலை மூடப்பட்டது. பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட அறிஞர் ஒருவருக்குச் சிகிச்சையளிக்கும் பொருட்டு 1952 இல் அவர் சென்னைக்கு அழைக்கப்பட்டார். அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. அதன்பின் அவரை நாடி வந்தோரில் நோயாளர், முதியோர், பெண்கள் எனப் பலர் இருந்தனர். மைசூர்ச் சிறுவருக்குப் பொருந்திய முறை இவர்களுக்குப் பொருந்தாது. எனவே தனித்தனியாகச் சந்தித்து, நாடி பார்த்து, மூச்சின் போக்கை அறிந்து, ஒவ்வொருவரின் வயதுக்கும் நோய்க்கும் வலுவுக்கும் ஏற்ப ஆசனங்களை மாற்றியமைத்தார். மனிதருக்காகவே யோகம், யோகத்துக்காக மனிதரல்லர் என்பதே அவரது பிற்காலப் பணியின் சாரம் எனலாம். இப்பணியைத் தொடரத் தேசிகாச்சார் 1976 இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது சத்திரசிகிச்சையை மறுத்த கிருஷ்ணமாச்சாரியார், படுக்கையில் கிடந்தவாறே தமக்கான பயிற்சியைத் தாமே வகுத்துக் கொண்டார். நூறு வயதைக் கடந்து, 1989 பெப்ரவரி 28 ஆம் திகதி மறைந்தார்.

ஆழ்ந்த வைணவராக இருந்தும், தம் வழிபாட்டை மாணவர்மீது அவர் திணிக்கவில்லை. இது நமது மண்ணில் கருத்தூன்றிச் சிந்திக்க வேண்டியதாகும். 2009 இல் இந்தோனேசிய உலமா சபை, மந்திரமும் வழிபாடும் கலந்த யோகத்தை முஸ்லிம்களுக்கு விலக்கியதோடு, வெறும் உடற்பயிற்சியாக அமைவதை அனுமதித்தது. நம் நாட்டில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் பாதிக்கப்பட்டோருக்கான தளர்வுப் பயிற்சிகளை அவரவர் சமய மரபிலிருந்தே எடுத்தாண்டார்: இந்துக்களுக்குப் பிரணவம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு மூச்சுத் தியானம்.

கிளிநொச்சியில் யோக வகுப்புக்கு வருபவர் யார்? 2009 இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து, செட்டிகுளம் முகாம்களில் வாழ்ந்தவராக இருக்கலாம்; உடலில் எறிகணைச் சிதறலைச் சுமப்பவராக இருக்கலாம்; 2004 ஆழிப்பேரலையில் பிள்ளையை இழந்த முல்லைத்தீவுத் தாயாக இருக்கலாம்; 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு மீண்டுவந்த முஸ்லிம் பெண்ணாகவும் இருக்கலாம். கண்களை மூடும்படி கட்டளையிடுவதும், பின்னாலிருந்து கை வைத்து உடலைத் திருத்துவதும் இத்தகையோரிடம் பழைய அச்சத்தை எழுப்பக்கூடும். அனுமதி கேட்டுத் தொடுதல், வேண்டாமெனில் தொடாதிருத்தல், பெண்களுக்குப் பெண் ஆசிரியர், விரும்பியபோது நிறுத்தும் உரிமை, தம் எல்லையை உணர்ந்து வைத்தியரிடம் அனுப்புதல் ஆகியன ஆசனம் அறிந்த அளவில் வந்துவிடும் திறன்களல்ல. தனியே கற்க வேண்டியவை.

கற்றால் பலனுண்டு. அமெரிக்காவில் நாட்பட்ட உளவடுவால் துன்புற்ற 64 பெண்களிடையே நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குத் துணையாக, உளவடுவைக் கருத்திற்கொண்டு வடிவமைத்த யோகத்தைப் பத்து வாரங்கள் பயின்றோரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் அந்நோய்க்குரிய வரையறையிலிருந்து விடுபட்டனர். ஒப்பீட்டுக் குழுவில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே.

பாடசாலை ஆசிரியருக்குச் சேவைக்காலப் பயிற்சி உண்டு. காயப்பட்ட உடல்களோடு பழகும் யோகாசிரியருக்கு ஒரு சான்றிதழே வாழ்நாள் முழுவதும் போதுமென்று இருப்பது நியாயமாகாது. அறுபது வயதைக் கடந்த பின்னும் தம் முறையை மாற்றிக்கொள்ளக் கிருஷ்ணமாச்சாரியார் தயங்கவில்லை. அவரது பரம்பரை என்று பெருமை கொள்வோர் முதலில் பின்பற்ற வேண்டியது அதனையே.