எட்டோரே புகாட்டி

ஒரு தந்தைக்குப் பிறந்த மக்கள் இருவருள் ஒருவன் ஓடியுழைத்துப் பொருள் ஈட்டுவதும், மற்றொருவன் மனையிலிருந்தே கடன் சேர்ப்பதும் உலகில் நாம் காண்பனவே. மோட்டார் வண்டிகளை ஆக்கிப் பெரும்புகழ் எய்திய எட்டோரே புகாட்டி என்பாரின் வாழ்விலும், அவர் சமைத்த இரு வண்டிகள் இவ்வண்ணமே அமைந்தன.

இவர் 1881-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிறந்தார். தந்தையார் கார்லோ, மரத்தால் அரிய இருக்கைகளும் மேசைகளும் செய்வதில் பேர் பெற்றவர். தம்பி ரெம்பிராண்ட், விலங்குகளின் உருவை வடிக்கும் சிற்பி. கலைக்குடியில் தோன்றிய எட்டோரே, இயந்திரத்தையே தம் கலையாகக் கொண்டார். 1909-ஆம் ஆண்டில், அந்நாளில் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த அல்சேஸ் பகுதியில், மோல்ஷைம் என்னும் சிற்றூரில் தொழிற்சாலை நிறுவினார். முதல் உலகப் போருக்குப் பின் அப்பகுதி பிரான்சைச் சேர்ந்தது.

1924-ஆம் ஆண்டு லியோன் நகரப் பந்தயத்தில் அவருடைய 35-ஆம் வகை வண்டி முதன்முதல் ஓடிற்று. இரண்டு லிட்டர் அளவும் எட்டு சிலிண்டரும் உடைய இயந்திரம்; இலேசான உடல்; அலுமினியத்தில் வார்த்த சக்கரங்கள். அன்று டயர்கள் பழுதுற்றமையால் வெற்றி கிட்டவில்லை. ஆயினும் 1925 முதல் 1929 வரை, சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நிகழ்ந்த டார்கா புளோரியோ பந்தயத்தில் ஐந்தாண்டும் தொடர்ந்து வென்றவை புகாட்டி வண்டிகளே.

வெற்றியால் ஊக்கமுற்ற அவர், அரசர்க்கே உரிய வண்டியொன்றைச் செய்யக் கருதினார். அதுவே ரோயால் எனப்படும் 41-ஆம் வகை. அதன் இயந்திரம் 12.7 லிட்டர் அளவினது; எடையோ மூன்று டன்னுக்கு மேற்பட்டது. மறைந்த தம்பி வடித்த யானையுருவத்தை அதன் முகப்பில் பொருத்தினார். இருபத்தைந்து செய்ய எண்ணினார். 1929-ல் தோன்றிய பொருளாதார வீழ்ச்சியால் ஆறே முற்றுப்பெற்றன. அவற்றுள்ளும் விலைபோனவை மூன்றே. எனினும் அவர் மனந்தளர்ந்தாரல்லர். அப்பேரியந்திரத்தையே 1933 முதல் ரயில் வண்டிகளில் அமைத்துத் தொழிலாளர்க்கு வேலையளித்தார்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது? விரைவும் வளைவுகளில் எளிதாய்த் திரும்பும் திறமும் நோக்கின் 35-ஆம் வகையே மேம்பட்டது. அருமை நோக்கின் ரோயாலுக்கு ஈடில்லை. ஆறும் இன்றளவும் அழியாதுள்ளன. 1987-ல் லண்டன் ஏலத்தில் ஒன்று ஐம்பத்தைந்து லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. வாங்குவாரின்றி நின்ற குறையே அதன் விலைக்குக் காரணமாயிற்று. ஆனால் 35-ஆம் வகையின் மதிப்பு, ஓடிப் பெற்ற மதிப்பாகும்.

இவ்வுயர்வைக் காண எட்டோரே இருந்திலர். அவர்தம் தொழிலுக்கு உரியவராய் வளர்ந்த மூத்த மகனார் ஜான், 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பந்தய வண்டியொன்றைச் சோதித்து ஓட்டுங்கால், எதிர்ப்பட்ட சைக்கிளோட்டியை மோதாது விலக்க முயன்று, மரத்தில் மோதி, முப்பதாம் வயதில் உயிர் நீத்தார். அத்துயருடன் போரும் சேர, தந்தையார் 1947-ல் பாரிஸில் காலமானார்.

ஏலத்தில் கூறப்படும் விலை பின்வருவோர் இடுவது. வேலையின் செம்மையோ செய்வோன் இடுவது. அவர் இரு வண்டிகளுக்கும் ஒரே செம்மையை அளித்தார். அதனாலேயே அவரை நாம் நினைவுகூர்கின்றோம்.