போருக்குக் கை உயர்த்தாத செனட்டர்

சட்டப் பேராசிரியரான வெய்ன் மோர்ஸ், 1945இல் ஒரேகன் மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குச் சென்றார். கட்சி மாறியவர்தான். ஆனால், போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கே உரியது, ஜனாதிபதிக்கல்ல என்பதில் அவர் அசையவில்லை.

1964 ஒகஸ்டில், டொங்கின் வளைகுடாவில் தமது கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாகக் கூறி, ஜனாதிபதி ஜோன்சன் வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டார். பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. செனட்டில் 88 பேர் ஆதரித்தனர். அவர்களிலும் சட்டம் படித்தவர்கள் இருந்தார்கள். எதிர்த்தவர்கள் மோர்ஸும் அலாஸ்காவின் ஏர்னஸ்ட் க்ரூனிங்கும் மாத்திரமே. இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை என்பது பின்னர் தெரியவந்தது.

1968இல் இருவருமே பதவியிழந்தனர். 1973இல் நிக்சனின் வீட்டோவையும் மீறி காங்கிரஸ் போர் அதிகாரச் சட்டத்தை நிறைவேற்றியபோது மோர்ஸ் சபையில் இல்லை. மறுவருடம், மீண்டும் செனட்டுக்குப் போட்டியிட்டுக்கொண்டிருக்கையில் காலமானார்.