கைவிளக்கு தெரியும், படிவம் தெரியுமா? நைட்டிங்கேலின் இன்னொரு கதை

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கைவிளக்கோடு வார்டில் நடக்கும் செவிலியர்தான் ஞாபகத்துக்கு வருவார். பள்ளிப் பாடப் புத்தகம் பதியவைத்த படம் அது. ஆனா போர்க்கள மருத்துவமனையில் அவர் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவுதான். அதன்பிறகு பல ஆண்டுகள் அவர் மல்லுக்கட்டியது எண்களோடு.

1854 நவம்பர். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. 38 செவிலியர்களோடு ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தார் நைட்டிங்கேல். இன்றைய இஸ்தான்புல்லில் இருக்கும் இடம் அது. இறந்த வீரர்களைப் பதிய அங்கே மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று கணக்கு! எத்தனை பேர் செத்தாங்க என்பதே தெரியாதபோது, எதனால் செத்தாங்க என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அங்கே சுமார் 4,000 வீரர்கள் இறந்தார்கள். 1855 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு சாக்கடை அடைப்பை எடுத்து, காற்றோட்டத்தைச் சரிசெய்தது. சாவு மளமளவெனக் குறைந்தது.

ஊர் திரும்பியதும் புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து மொத்தக் கணக்கையும் அலசினார். காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்கள் பல மடங்கு. இன்னொரு அதிர்ச்சி: போரே இல்லாத நாட்களில், இங்கிலாந்து முகாம்களில் இருந்த வீரர்கள்கூட அதே வயது பொதுமக்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் இறந்துகொண்டிருந்தார்கள்.

வெறும் அட்டவணையை யார் படிப்பாங்க? 1858-ல் அதைப் படமாக்கினார். வட்டத்தில் மாதத்துக்கு ஒரு துண்டு. தடுத்திருக்கக்கூடிய நோய்ச்சாவுகளுக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. பார்த்தவுடனே கண்ணில் அறைவது நீலம்தான். கோவிட் காலத்தில் நாம் போனில் பார்த்த டாஷ்போர்டுகளுக்கு இது கொள்ளுப்பாட்டி எனலாம்.

சரி, மருத்துவமனைகள்? ஒவ்வொன்றும் நோய்களுக்குத் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தன. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே வழியில்லை. எல்லோருக்கும் ஒரே படிவம் என்ற யோசனையை 1860 லண்டன் சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்குக் கொண்டுபோனார். மாநாடு ஏற்றது. லண்டனில் சில மருத்துவமனைகள் நிரப்பவும் செய்தன. ஆனா படிவம் ரொம்பச் சிக்கல், நேரமும் செலவும் அதிகம் என்று கொஞ்ச காலத்தில் கைவிட்டுவிட்டன. இது இன்றைக்கும் கேட்கிற புகார்தான். 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோயாளிகளையும் வீட்டு வசதியையும் பற்றிக் கேளுங்கள் என்று மன்றாடினார். அதுவும் நடக்கவில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே அவர் கால் வைத்ததே இல்லை. ஆனா ராணுவ முகாம் ஒவ்வொன்றுக்கும் கேள்வித்தாள் போனது: குடிநீர் எங்கிருந்து வருது, கழிவு எங்கே போகுது? பதில்கள் 1863-ல் 2,000 பக்கங்களைத் தாண்டிய அரசு அறிக்கையானது. இங்கிருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தது அதில் அம்பலமானது. தொடர்ந்து மதராஸ், பம்பாய், வங்காளத்தில் சுகாதார ஆணையங்கள் வந்தன. பத்தாண்டு கழித்து நைட்டிங்கேல் அதே கணக்கைத் திரும்பப் போட்டபோது 69 என்பது 18 ஆகியிருந்தது.