தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்

உங்கள் வீட்டுப் பிள்ளை டாக்டர் படிப்போ நர்ஸ் படிப்போ படிக்கிறதா? அப்படியானால் இந்த மனிதரை அறிந்துகொள்ளுங்கள்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். 1847-ல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். வந்த மறு ஆண்டே சில வாலிபரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். பாடம் ஏட்டோடு நிற்கவில்லை. வைத்தியசாலை வேலையும் படிப்பும் ஒன்றாகவே நடந்தன.

முதலில் ஆங்கிலத்தில்தான் போதித்தார். ஆனால் தேறியவர்களில் பலர் நல்ல சம்பளம் தேடி அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளியின் குறை அப்படியே நின்றது. இதைக் கண்ட கிறீன் பிடிவாதம் பிடிக்கவில்லை; தம் வழியையே மாற்றினார். 1860-களில் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். தமிழில் பாடநூல் ஏது? உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலியவற்றை மாணாக்கரின் துணைகொண்டு தமிழாக்கினார். கலைச்சொற்களையும் தொகுத்தார்.

1873-ல் தாய்நாடு திரும்பிய பின்னும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884-ல் காலமானார். அவரிடம் பயின்ற வைத்தியர்கள் 60 பேருக்கு மேல்.

வாசகரே, நோயாளிக்கு விளங்கச் சொல்லத் தெரியாத வைத்தியம் பாதி வைத்தியமே. தர்மபுரியிலோ சேலத்திலோ பயிலும் உங்கள் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, சர்க்கரை வியாதி என்றால் என்னவென்று பாட்டிக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். பாட்டி தலையசைத்தால், பிள்ளை பாடத்தைக் கற்றுக்கொண்டது என்று அறியலாம்.