நாவலர் பெருமானும் பள்ளிப் பிள்ளையின் சமயமும்

சைவமும் தமிழும் தழைக்க வாழ்ந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான், 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசிப் புதல்வராய் அவதரித்தார். தமிழைத் தக்காரிடம் பயின்றபின், ஆங்கிலங் கற்கும்பொருட்டு உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் சேர்ந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்துக்கு மிஷன் பாடசாலை வேண்டும். அங்கு சேர்ந்தாலோ கிறிஸ்து வேதமும் படிக்கவேண்டும். சைவப் பிள்ளைக்கு வேறு வழி ஏது?

பாடசாலைத் தலைவர் பேர்சிவல் பாதிரியார் நாவலரின் புலமையை மதித்து, அவரை ஆசிரியராக்கி, விவிலியத்தைத் தமிழாக்கும் பணிக்கும் துணையாகக் கொண்டார். பள்ளிக்கூடம், அச்சுயந்திரம், பிரசங்கம் ஆகிய மூன்றின் வலிமையையும் நாவலர் அங்கேயே கண்டறிந்தார். 1848இல் அவ்வேலையைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டிலே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கியது. அச்சுயந்திரம் ஒன்றும் சென்னையிலிருந்து வந்தது. பாலபாடங்களும் சைவவினாவிடையும் பிள்ளைகள் கையிற் சேர்ந்தன.

அரசாங்கத்தின் உதவிப்பணமோ நெடுங்காலம் மிஷன் பாடசாலைகளுக்கே சென்றது. சைவர் செலுத்திய வரியும் அப்பணத்தில் அடங்கும் என்பதை நாம் மறத்தலாகாது. வித்தியாசாலைக்கு அவ்வுதவி 1870இலேதான் கிடைத்தது. நாவலர் 1872இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள் முட்டினால் நான்காண்டில் மூடப்பட்டது. ஆயினும் வித்து வீண்போகவில்லை. 1890இல் எழுந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அவர் எண்ணத்தின் விளைவேயாம்.

1879இல் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து முன்னின்றவர் நாவலர். அவ்விராமநாதனே பின்னர்க் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்தைக் கருங்கற்றிருப்பணியாக்கியவர். கொட்டாஞ்சேனை அன்பர்கள் இத்தொடர்பை நினைத்தல் தகும். அவ்வாண்டு டிசெம்பர் 5ஆந் திகதி பெருமான் சிவபதம் எய்தினார்.

அவர் மறைந்தபின், இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை நிறுத்த 1881இல் முடிவாயிற்று. பெற்றார் விரும்பாவிடத்துப் பிள்ளையை மதபாடத்தில் இருத்தலாகாதென்ற விதி 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடம்பெற்றது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு ஏற்றது. அமெரிக்காவிலே அரசாங்கப் பள்ளியில் மதபோதனையே கூடாதென்பர். நமது நாட்டிலோ பிள்ளை தன் சமயத்தையே பாடமாகப் படிக்கின்றது.

இளைஞர்காள்! நாவலர் கேட்டது சலுகையன்று. சைவப் பிள்ளை தன் சமயத்தை விடாமலே கல்வி பெறும் உரிமை. நமக்கு வேண்டிய உரிமை பிறர்க்கும் உரியதே. நம்மவர் நடத்தும் பள்ளியிலே பிறசமயப் பிள்ளை ஒன்று அமர்ந்திருப்பின், அதன் மனம் நோவாது காத்தல் நம் கடன். பெருமானின் குருபூசைத் தினத்தில் விளக்கேற்றுவதுடன் இவ்வெண்ணத்தையும் நெஞ்சில் ஏற்றுவோமாக.