தம் ஊரைக் கண்டித்த நாவலர்

ஆறுமுக நாவலர் என்றதும் விபூதியும் உருத்திராக்கமும் தான் நமக்கு நினைவில் வரும். தம் ஊரைக் கண்டித்து எழுதிய நாவலரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1822 இல் நல்லூரில் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவினார். அச்சின் வலிமையை அங்கேதான் உணர்ந்தார் போலும். 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். மறுவருடம் சைவப் பள்ளிக்கூடம் நிறுவி, சம்பள உத்தியோகத்தையும் துறந்தார். திருமணமும் செய்யவில்லை.

பாதிரிமாரை எதிர்த்தவர் நம்மவரையும் விடவில்லை. ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ என்று ஊரின் குறைகளை எழுதினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலே ஆகம முறைப்படி நடக்கவில்லை என்று பிரசுரம் வெளியிட்டார். சொந்த ஊர்க் கோயிலைப் பற்றி இப்படி எழுத நம்மில் எத்தனை பேர் துணிவோம்? சாதி விடயத்தில் மட்டும் அவர் அக்காலத்தவராகவே இருந்தார். அதை நாம் மறைப்பதற்கில்லை.

1877 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். 1879 இல் பொன்னம்பலம் இராமநாதனே சட்டசபைக்குச் செல்லவேண்டும் என்று ஊரைத் திரட்டினார். இராமநாதனும் நியமனம் பெற்றார். அவ்வாண்டு கார்த்திகை மகத்தன்று நாவலர் பெருமான் சிவபதம் அடைந்தார்.