தினைப்புனத்துப் பாடகர் விஸ்வநாததாஸ்

ஐப்பசி பிறந்து இரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால் நம் கரிசல் பூமிக்கு வேறு முகம் வந்துவிடுகிறது. வருஷத்தில் பாதி நாள் வெடித்துக் கிடந்த கண்மாய்களில் தண்ணீர் தேங்குகிறது. எங்கிருந்தோ வெள்ளைக் கொக்குகள் வந்து கரையோரம் நிற்கின்றன. கார்த்திகை போய் மார்கழியில் கம்பும் சோளமும் கதிர் வாங்கும்போது குருவிகளும் கிளிகளும் கூட்டம் கூட்டமாய் இறங்கும். பரண் கட்டி, கவண்கல் எறிந்து, தகரத்தைத் தட்டி அவற்றை விரட்டுவது நெடுங்காலமாகப் பிள்ளைகளின் வேலை. அதே பிள்ளைகளின் வீட்டிலே பாட்டி என்ன செய்வாள்? புடைத்த நொய்யை முற்றத்தில் இறைத்து, அணிலும் குருவியும் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அறுப்பு முடிந்தபின் ஒரு கதிர்க்கொத்தைத் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுவாள். காட்டில் எதிரியாய் இருந்த பறவை வீட்டில் விருந்தாளியாகிவிடும்.

சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிக் கண்மாயை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி என்ற கிராமத்தார் இதில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளும் என்று அவர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பட்டாசையே பிழைப்பாகக் கொண்ட நம் பக்கத்து ஜனங்களுக்கு இது வியாபார நஷ்டமாகத் தோன்றலாம். ஆனால் அவ்வூராரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பறவை விரட்டுகிற இந்த எளிய வேலையை மேடைக்கு ஏற்றிய நாடகம் ஒன்று உண்டு. அது வள்ளி திருமணம். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று, வேடர் குலத்துப் பெண் வள்ளி பறவைகளை ஓட்டிப் பாடுவாள். முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் மாறி வந்து அவளோடு வாதாடுவான். தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகங்களுள் தென்னாட்டு ஜனங்கள் அதிகமாய்ப் பார்த்தது இதுவே எனலாம். நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் மூத்தோர் ஞானசௌந்தரி நாடகத்திற்குக் கண்ணீர் விட்டவர்கள். ஆனாலும் அடுத்த ஊரில் வள்ளி திருமணம் என்றால் வண்டி கட்டிக்கொண்டு போனவர்களும் அவர்களே.

அந்த நாடகத்தில் முருகனாக நின்று, தினைப்புனத்துப் பறவையைக் கொண்டே ஒரு சாம்ராஜ்யத்தைக் கலங்கவைத்தவர் சிவகாசியிலே பிறந்த விஸ்வநாததாஸ். அவரைப் பற்றி நம் இளைஞர்களுக்கு அநேகமாய் ஒன்றும் தெரிவதில்லை. ஆகையால் இவ்வாரம் அவர் சரித்திரத்தைச் சொல்ல எண்ணினேன்.

தாஸ் பிறந்தது 1886-ம் ஆண்டு ஜூன் 16-ம் தேதி. சிவகாசி என்றவுடன் நமக்கு இப்போது தீப்பெட்டியும் மத்தாப்பும் நினைவுக்கு வருகின்றன. அவர் பிறந்தபோது அங்கு இரண்டுமில்லை. ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-ல்தான். அதே ஆண்டில்தான் விருதுபட்டி விருதுநகர் என்று பெயர் மாறியது. ஆகவே தாஸ் பிறந்த சிவகாசி, மழையை நம்பிய ஒரு சிறு வியாபார ஊர் மட்டுமே. பிற்காலத்தில் அவர் வாழ்ந்த ஊர் திருமங்கலம். நாம் மதுரைக்குப் போகும் வழியில் பஸ் நிற்கும் அதே திருமங்கலம்.

அவர் மருத்துவர் குலத்தவர். அந்தக் குலத்தாரை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எந்த வாசலில் நிறுத்தினார்கள் என்பதை வயதானவர்கள் அறிவார்கள். முடி திருத்துவது அவர்கள் தொழில் என்று மட்டும் சொல்லிவிடுவோம். ஆனால் அவ்வளவுதானா? ஆஸ்பத்திரி எட்டாத நாட்களில் புண்ணுக்கு மருந்து கட்டியது அவர்கள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பிரசவத்தில் கையேந்தி எடுத்தவள் மருத்துவச்சி. நம் தென் ஜில்லாக்களில் பல ஊர்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசித்தவர்கள் அவர்களே. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்த நாட்களில் அவர்கள் குழல் எடுத்து ஊதாவிட்டால் தாலி கட்டமாட்டார்கள். தொட்டிலிலிருந்து மணவறை வரையில் அவர்கள் கைபடாத காரியமில்லை. ஆயினும் அந்தக் கைக்குத் திண்ணையில் இடமில்லை. இப்படிப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர், ராஜபார்ட் வேஷம் தரித்து மயில்மேல் அமர்ந்தார்.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்பதை இளையோருக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். நிரந்தரமான கம்பெனி கிடையாது. கான்ட்ராக்டர் ஓர் ஊரில் நாடகம் வைத்தால், ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து சேருவார்கள். ஒத்திகையே இராது. கதை எல்லோருக்கும் தெரியும்; பாட்டும் தெரியும். ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்தால் விடிய விடிய நடக்கும். ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் பாய் விரித்துக் கிடக்கிறவன் காதிலும் விழும்படி தொண்டை இருந்தால்தான் ராஜபார்ட். தாஸுக்கு அந்தத் தொண்டை இருந்தது. கதையோடு சம்பந்தமில்லாத பாட்டை இடையில் பாடினாலும் ஜனங்கள் கேட்பார்கள், மறுபடியும் பாடச் சொல்வார்கள்.

இந்த வழக்கம்தான் பிறகு வெள்ளைக்கார சர்க்காருக்குத் தலைவலியாயிற்று.

1919 ஏப்ரல் 13-ம் தேதி பஞ்சாப் மாகாணத்து அமிர்தசரஸ் நகரில், ஜாலியன்வாலா பாக் என்ற நாற்புறமும் அடைபட்ட தோட்டத்தில், ஆயுதமில்லாத ஜனங்களைச் சுட்டார்கள். சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கே 379 பேர். அடுத்த வருஷம் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். மேடைப் பிரசங்கங்கள் படித்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எழுத்தறியாத சம்சாரிக்கும், ஜின்னிங் மில் கூலிக்கும் பஞ்சாபில் நடந்தது எப்படித் தெரியும்? நாடகப் பாட்டின் வழியாகத் தெரிந்தது. மதுரை பாஸ்கரதாஸ் (1892-1952) முதலானோர் அப்படிப்பட்ட பாட்டுகளை இயற்றினார்கள். விஸ்வநாததாஸ் போன்றோர் ஊர் ஊராய்ப் பாடினார்கள்.

அவற்றுள் ஜனங்கள் மறக்காத பாட்டு கொக்கைப் பற்றியது. வள்ளி பரண்மேல் நின்று பறவை விரட்டும் கட்டத்திலே அது வரும். கடல் கடந்து வந்து, நம் நிலத்தில் இறங்கி, விளைந்ததையெல்லாம் தின்று கொழுக்கும் வெள்ளைக் கொக்குகளை விரட்டவேண்டும் என்பது அதன் கருத்து. எந்த வெள்ளை என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. முன்வரிசையில் தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரருக்கும் விளங்கியது. (நடுவே ஒரு வார்த்தை: மெய்யான கொக்குக்கு இது பெரிய அநியாயம். அது தினையைத் தொடுவதில்லை. ஏர் பின்னாலும் மாட்டுக் காலடியிலும் நடந்து, புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்கி நமக்கு உபகாரமே செய்கிறது. வெள்ளையாய்ப் பிறந்தது ஒன்றே அது செய்த குற்றம்.)

இதன் சாமர்த்தியத்தைக் கவனிக்கவேண்டும். நாடகங்களைத் தடைசெய்ய 1876-ம் ஆண்டிலேயே சர்க்கார் ஒரு சட்டம் செய்து வைத்திருந்தது. ஆனால் வள்ளி திருமணம் பக்திக் கதை. அதை எப்படித் தடை செய்வது? எழுதிக் கொடுத்த நாடகத்தில் ஒரு குற்றமும் இராது. பாடுகிறபோதுதான் குற்றம் பிறக்கும். ஆகவே பாட்டையும் பாடுகிறவரையும் தொடர்ந்து போவதைத் தவிரப் போலீசுக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. இன்ன பாட்டுகளைப் பாடக்கூடாது என்று உத்தரவுகள் போட்டார்கள். தாஸ் பாடினார். மேடையிலேயே கைதுசெய்தார்கள். விடுதலையானார், அடுத்த ஊரில் மறுபடி பாடினார். 29 தடவை அவர் கைதானதாக அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். முருகனுக்குப் பட்டும் சரிகையும் வேண்டும் என்று இருந்த மேடையில் அவர் கதர் உடுத்தி நின்றார்.

சிறை என்பது ஒரு கஷ்டம். அதைவிட நாடகக்காரனுக்குப் பெரிய கஷ்டம் சிறைக்கு வெளியே இருக்கிறது. ஓர் இரவு நாடகம் பாதியில் நின்றால் அந்த இரவின் கூலி போயிற்று. சிறையில் இருக்கும் மாதங்களில் ஒப்புக்கொண்ட நாடகங்களெல்லாம் போயின. வெளியே வந்தால், போலீஸ் வரும் என்று பயந்து கான்ட்ராக்டர்கள் கூப்பிடத் தயங்குவார்கள். வழக்குக்குப் பணம், அபராதத்துக்குப் பணம். இப்படியாகக் கடன் ஏறிக்கொண்டே போயிற்று. செங்கோட்டை கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தேசீயப் பாட்டுகளைப் பாடியவர்கள்தாம். அவர்களுக்கு ஜனங்கள் புகழோடு பொருளும் கொடுத்தார்கள். தாஸுக்குக் கைதட்டல் குறைவில்லாமல் கிடைத்தது. பொருள் தங்கவில்லை.

இதையெல்லாம்விட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அவர் முருகனாக வந்தால் எதிரே வள்ளியாக நிற்கச் சில நடிகைகள் மறுத்தார்கள். காரணம் அவர் பிறந்த ஜாதி. யோசித்துப் பாருங்கள். கொட்டகையில் ஆயிரம் பேர் அவரைச் சுவாமியாகக் கண்டு கைகூப்புகிறார்கள். திரைக்குப் பின்னால் அவரோடு சேர்ந்து நிற்பது தீட்டு. வள்ளி வேடர் குலத்துப் பெண் என்பதும், அவளைத் தேடி முருகன் குலம் பாராமல் வந்தான் என்பதும்தான் அந்த நாடகத்தின் கதையே. அதை விடிய விடியப் பாடுகிறவர்களுக்கே அது உறைக்கவில்லை!

நாடகக்காரர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நமக்குத் தெற்கே வடக்கன்குளத்தில், கிறிஸ்தவர்களாகிய நம்மவர் கோவிலுக்குள்ளேயே ஜாதிக்கு ஜாதி பிரிக்கும் சுவரை வைத்துக்கொண்டு ஜெபித்தார்கள். அது இடிக்கப்பட்டது 1910-ல். இடித்தவுடன் எல்லோரும் சந்தோஷப்பட்டார்களா என்றால், வழக்குமன்றத்துக்குப் போனார்கள். தேவாலயத்திலேயே இப்படி என்றால் நாடகக் கொட்டகையைச் சொல்வானேன்?

நடிக்க வந்தவர்கள் வள்ளியாக நின்றார்கள். வராதவர்கள் போகட்டும் என்று தாஸ் பாடிக்கொண்டே இருந்தார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. அதற்குள் அவருக்கு நாற்பத்து நான்கு வயது. பின் வந்த வருஷங்களில் பேசும் படம் வந்து கொட்டகைகளைப் பிடித்துக்கொண்டது. நாடகக்காரர்களில் குரல் உள்ளவர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். தாஸ் மேடையை விடவில்லை. உடம்பு நலிந்தது, கடன் நலியவில்லை.

1940-ம் ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31. சென்னையில் வள்ளி திருமணம் நாடகம். மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர், பாடியபடியே சாய்ந்தார். ஜனங்கள் முதலில் அதையும் நடிப்பு என்றே எண்ணியிருக்கக்கூடும். அங்கேயே, அந்த வேஷத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்து நான்கு. அவர் விரட்டிப் பாடிய கொக்குகள் பறந்துபோக இன்னும் ஆறரை வருஷம் இருந்தது. அதே 1940-ல்தான் வெடிமருந்து விதிகள் வந்து, அவர் பிறந்த ஊரில் லைசென்ஸ் பெற்ற பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு வழி பிறந்தது. தீபாவளி இரவில் சிவகாசிச் சரக்கு போடும் ஓசையைக் கேட்க அவர் இருக்கவில்லை.

திருமங்கலத்தில் அவர் பெயரால் தமிழ்நாடு அரசின் நினைவு இல்லம் இருக்கிறது. மதுரைக்குத் துணி எடுக்கவும் வைத்தியத்துக்கும் போகிறவர்கள் வாரந்தோறும் அவ்வழியே கடந்து போகிறோம். ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். அவர் நடித்த நாடகத்தையும் நேரில் பார்க்க வேண்டுமானால் அதற்கும் வழியுண்டு. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கும்; பபூன் வந்து சிரிக்கவைத்துப் போவான்; வள்ளி பரணில் ஏறிப் பறவை விரட்டும் கட்டம் வருவதற்கு நடுநிசி தாண்டிவிடும்.